பசிக்கு ஒன்பது வாக்கியங்கள்

அவளை அப்பா கூப்பிடுவது சுருக்கு என்று. பள்ளிக்கூடத்தில் எழுதிய பெயர் வேறு. மூன்று வயதிலேயே சுருக்கென்று கோபம் வந்து கையில் இருப்பதை விட்டெறிவாள் என்பதால் வந்த பெயர் அது. பின்னாளில் தையல் வேலைக்குப் போனதும், "பேருக்கேத்த வேலைதான்" என்று அப்பா சிரித்தார்.

பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், செருப்புக் கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவில், ஆறடி அகலத்தில் அவளுடைய கடை. புதுத்துணி எதுவும் தைப்பதில்லை. பேண்ட் ஓரம் மடிப்பது, இடுப்பைப் பிடிப்பது, பல் போன ஜிப்பைப் பிரித்துவிட்டு வேறு ஜிப் வைப்பது, இவ்வளவுதான். கணவர் லாரி ஓட்டுபவர், வாரத்தில் நான்கு நாள் வண்டியே வீடு. அம்மா போன பிறகு அப்பா அவளோடு வந்துவிட்டார். ஊரில் முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். இந்த நாட்டுக்கு வந்து நான்கு வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட ஆங்கிலம் மூன்று சொற்கள்: ஓகே, தேங்க்யூ, நோ ப்ராப்ளம். அந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லி எல்லாரிடமும் நல்ல பெயர் வாங்கியிருந்தார்.

அவளுக்கு அது போதாது. வாடிக்கையாளர்கள் சொல்வது பாதி புரிவதும் பாதி புரியாமல் தலையாட்டுவதும் அவளுக்கே எரிச்சலாக இருந்தது. அதனால் வெள்ளிக்கிழமை மாலையில் நூலகத்தின் மாடியில் நடக்கும் இலவச ஆங்கில வகுப்பில் சேர்ந்தாள். டீச்சர் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற உள்ளூர் அம்மாள். வாரம் ஒரு விஷயம், அதற்கு ஒரு தாள். ஒரு வாரம் மழை, ஒரு வாரம் தலைவலி காய்ச்சல். அந்த வாரம் பசி.

தாளில் ஒன்பது வாக்கியங்கள் இருந்தன. பெக்கிஷ் என்றால் எதையாவது கொறிக்கத் தோன்றுவது. ஐ ஆம் ஸ்டார்விங் என்றால் நேர் அர்த்தத்தில் பட்டினியால் வாடுவது. ஆனால் சாப்பாட்டுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போதே சொல்லலாம். ஐ குட் ஈட் எ ஹார்ஸ், ஒரு குதிரையையே தின்றுவிடுவேன்.

"குதிரைய எதுக்கு டீச்சர் திங்கணும்? ஆடு, கோழி எல்லாம் இல்லையா?" என்று கேட்டார் வகுப்பில் இருந்த பெயின்டர்.

"பெருசா இருக்கணும், அதுக்குத்தான்" என்றார் டீச்சர். "பசியப் பத்திப் பேசும்போது நாங்க எல்லாத்தையும் பெருசாத்தான் சொல்லுவோம். சும்மா ஒரு பேச்சு."

ஏழாவது வாக்கியம் ஐ குட் மர்டர் எ சாண்ட்விச். பசியில் ஒரு சாண்ட்விச்சைக் கொலையே செய்துவிடுவேன் என்பது. மற்றவர்கள் இதற்கு முழித்தார்கள். சுருக்குக்கு மட்டும் உடனே பிடிபட்டது. கொலைப்பட்டினி என்று சொல்லி வளர்ந்தவளுக்கு இதில் என்ன ஆச்சரியம்? அவள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வேறொன்று கேட்டாள்.

"நிஜமாவே ரெண்டு நாளா சாப்பிடாதவன் என்ன சொல்லணும் டீச்சர்?"

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "அவனும் ஸ்டார்விங்னுதான் சொல்லணும். வேற வார்த்தை கிடையாது."

"அப்போ எது நிஜம், எது பேச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

"மூஞ்சியப் பார்த்தா தெரிஞ்சிடும்" என்றார் டீச்சர்.

இது நடந்து ஒன்பதாம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு அப்பா ஸ்டூலில் ஏறிக் குளியலறை பல்பை மாற்றினார். ஸ்டூல் ஒரு பக்கம் போனது, அப்பா ஒரு பக்கம் போனார். இடது காலில் கணுக்காலுக்கு மேலே எலும்பு இரண்டாக உடைந்துவிட்டது. ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து, படம் எடுத்து, தற்காலிகமாக ஒரு கட்டுப் போட்டு, நான்காம் கட்டிலில் படுக்க வைத்தார்கள். உள்ளே தகடு வைத்துத் திருகாணி போட வேண்டும், நாளைக்கு ஆபரேஷன், அதுவரை வாயில் எதுவும் படக்கூடாது என்றார்கள். கட்டிலின் தலைமாட்டில் மஞ்சள் அட்டை ஒன்றைச் செருகினார்கள். தட்டின் மேல் குறுக்குக் கோடு போட்ட படம். படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்.

திங்கட்கிழமை அவள் கடையை அடைத்துவிட்டு ஆறரை மணிக்குப் போனபோது அப்பா சாண்ட்விச் சாப்பிட்டு முடித்திருந்தார். காலையிலிருந்து காத்திருந்து, ஐந்து மணிக்கு மேல், இன்றைக்கு ஆள் அதிகம், நாளைக்குத்தான் என்று சொல்லிவிட்டார்களாம். சாப்பாட்டு வண்டி அதற்கு முன்பே போய்விட்டது. ஒரு நர்ஸ் எங்கிருந்தோ ஒரு சாண்ட்விச்சும் ஒரு டப்பா ஜூஸும் தேடிக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

"நல்ல பொண்ணு" என்றார் அப்பா. "பாவம், அதுக்கே மத்தியானச் சாப்பாடு இல்லையாம்."

செவ்வாய்க்கிழமையும் அதேபோல. ஆனால் அன்று மாலை அவள் போகும்போது சாண்ட்விச்சும் இல்லை. அப்பாவின் உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது.

"ஆபரேஷன் ஆச்சாப்பா?"

"இல்லம்மா. நாலு மணிக்கு ஒரு டாக்டர் வந்தார். கால அமுக்கிப் பார்த்தார். ஏதோ சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"யாருக்குத் தெரியும்? நான் ஓகே தேங்க்யூன்னேன்."

"சாப்பாடு?"

அப்பா கண்ணாலேயே தலைமாட்டு அட்டையைக் காட்டினார்.

அவள் வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். அதைப் பையிலிருந்து வெளியே எடுக்காமலேயே நர்ஸ்களின் மேஜைக்குப் போனாள். வாக்கியத்தை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். மை ஃபாதர் இஸ் ஸ்டார்விங்.

மேஜையில் இருந்த நர்ஸ் கணினியிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தார். "நாங்க எல்லாருமேதான்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். சுருக்கு மறுபடி அதையே சொன்னாள், கொஞ்சம் சத்தமாக. நர்ஸ் எட்டி நான்காம் கட்டிலின் அட்டையைப் பார்த்தார். "ஆபரேஷனுக்காக. சலைன் ஏறுது, ஒண்ணும் ஆகாது. நான் விசாரிச்சுட்டு வரேன்" என்றார். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கும் வரை அவர் வரவில்லை. சுருக்கு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள். அட்டை சொல்கிறதே, கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால்? அந்தச் சாப்பாட்டை அவளாலும் சாப்பிட முடியவில்லை.

புதன்கிழமை கடையைத் திறக்கவில்லை. "இன்று விடுமுறை" என்று ஒரு தாளை ஒட்டிவிட்டு, புதிதாகச் சமைத்த டப்பாவோடு ஒன்பதரைக்கே வார்டுக்குப் போய்விட்டாள்.

போனபோது ஒரு சின்ன வயது டாக்டர் அப்பாவின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பல் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரி அசையாமல் இருந்தார்.

"என்னப்பா இது? காதுக்கு என்ன?"

"தெரியலம்மா. காலைல நர்ஸ் போன நீட்டினாங்க. பேசுன்னு சைகை காட்டினாங்க. அது நம்ம பேச்சைக் கேட்டு இங்கிலீஷ்ல எழுதுதாம்."

"நீங்க என்ன பேசினீங்க?"

"பசி காத அடைக்குதும்மான்னு சொன்னேன்."

அவளுக்கு ஒரு நிமிடம் ஆயிற்று விஷயம் விளங்க. அந்தப் போன் பசியை விட்டுவிட்டுக் காதை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. நோயாளிக்குக் காது அடைப்பு என்று குறித்துக்கொண்டு, நர்ஸ் முறையாக டாக்டருக்குச் சொல்லி, டாக்டரும் முறையாக வந்திருக்கிறார். மூன்று நாளில் அப்பா சொன்ன ஒரே குறை அதுதான். அதற்கு இவ்வளவு வேகமாக ஆள் வந்தது. டாக்டர் நிமிர்ந்து, இரண்டு காதும் சுத்தமாக இருக்கிறது, கவலை வேண்டாம் என்று புன்னகைத்தார்.

"ஓகே தேங்க்யூ நோ ப்ராப்ளம்" என்றார் அப்பா.

"நோ" என்றாள் சுருக்கு. "இயர் நோ. ஃபுட். ஃபுட்." வாயைத் தொட்டுக் காட்டினாள். டாக்டர் தலைமாட்டு அட்டையைப் பார்த்தார், புரிந்தது போலத் தலையாட்டினார், அது எலும்புப் பிரிவுக்காரர்கள் விஷயம், தான் அந்தப் பிரிவு இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பக்கத்துக் கட்டிலில் தோள்பட்டை உடைந்த ஒரு பெரியவர் இருந்தார். நல்ல மனிதர். காலையில் இரண்டு ரொட்டியும் முட்டையும் கஞ்சியும் சாப்பிட்டார், அதை அப்பா பார்த்துக்கொண்டே படுத்திருந்தாராம். பதினொரு மணி இருக்கும். பெரியவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, அந்தப் பக்கம் போன நர்ஸைப் பார்த்து, "ஐ ஆம் ஸ்டார்விங்" என்றார்.

"ஐயோ பாவமே" என்று சிரித்தார் நர்ஸ். அரை நிமிடத்தில் ஒரு தட்டில் மூன்று பிஸ்கட் வந்தது.

சுருக்கின் காது மடல் சூடானது. இதே வார்த்தை. எழுத்துக்கு எழுத்து இதே வார்த்தையைத்தான் நேற்று இரண்டு தடவை சொன்னாள். அப்பா அந்தத் தட்டைப் பார்க்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுபத்திரண்டு வயதில், பிஸ்கட்டைப் பார்க்காமல் இருக்க முகத்தைத் திருப்புகிற அப்பாவைப் பார்த்ததும் அவளுக்குள் எதுவோ அறுந்துபோனது.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு வண்டி வந்தது. தலையில் வலைத்தொப்பி போட்ட ஓர் அம்மா ஒவ்வொரு கட்டிலாகத் தட்டு வைத்துக்கொண்டே வந்து, நான்காம் கட்டிலின் அட்டையைப் பார்த்துவிட்டு ஐந்தாம் கட்டிலுக்குப் போனார். சுருக்கு எழுந்து வண்டியைப் பிடித்து நிறுத்தினாள். அந்த அம்மா அட்டையைக் காட்டித் தன்னால் முடியாது என்றார். சுருக்குக்கு ஆங்கிலம் எல்லாம் பறந்துவிட்டது.

"உங்க வீட்டு ஆளா இருந்தா இப்படித் தாண்டிப் போவீங்களா? கண்ணு இல்ல உங்களுக்கு? மூணு நாளா ஒரு மனுஷன் பச்சத் தண்ணி பல்லுல படாம கிடக்கான், தட்ட எடுத்துட்டு நகர்ந்து நகர்ந்து போறீங்களே" என்று தமிழிலேயே பொரிந்தாள். அந்த அம்மாவுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனால் முகம் செத்துப்போய்விட்டது. இதில் அவருடைய தப்பு எதுவுமில்லை என்பது சுருக்குக்கும் தெரியும். தெரிந்தும் வாயை மூட முடியவில்லை.

"விடும்மா சுருக்கு" என்றார் அப்பா. "யூனிபார்ம் போட்டவங்ககிட்ட சத்தம் போடாத. அவங்க டியூட்டி."

"நீங்க சும்மா இருங்கப்பா."

சத்தம் கேட்டு, பிஸ்கட் கொடுத்த அதே நர்ஸ் வந்தார். இளம் பெண். சுருக்கைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்து, தோளில் லேசாகத் தட்டி, யாரோ கொஞ்சம் ஹேங்ரியா இருக்காங்க போல என்றார்.

ஒன்பது வாக்கியத்தில் அது இல்லை. ஹங்ரியா, ஆங்ரியா? இரண்டையும் ஒட்டுப்போட்டு ஒரு சொல் செய்திருக்கிறார்கள் என்பது மட்டும் ஒட்டுப்போடுகிற தொழில்காரிக்குச் சட்டென்று புரிந்தது. பசித்த குழந்தை சிணுங்குவதைப் போல, வயிறு காலியாக இருப்பதால்தான் நான் கத்துகிறேன் என்கிறாளா? காலையில் ரொட்டி தின்றுவிட்டு வந்த நான்? என் கோபத்துக்கும் ஒரு பிஸ்கட் கொடுத்தால் போதுமா?

இனிமேல் லேசான வார்த்தை எதுவும் உதவாது என்று அவளுக்குத் தோன்றியது. ஒன்பதில் இருப்பதிலேயே கனமானதை எடுத்தாள். எப்படிச் சொன்னால் இவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்?

"மை ஃபாதர் குட் மர்டர்" என்றாள், ஒவ்வொரு சொல்லாக. எதைக் கொலை செய்வார் என்ற மீதி வாக்கியம் அந்த நேரத்தில் வரவில்லை. சாண்ட்விச் என்ற சொல் மறந்தேபோனது. அதனால் அடுத்ததையும் சொன்னாள். "டுடே ஐ ஆல்ஸோ குட் மர்டர்."

நர்ஸின் சிரிப்பு நின்றது. இரண்டடி பின்னால் போனார். சுவரில் இருந்த பொத்தானை அமுக்கினார்.

இரண்டு நிமிடத்தில் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு செக்யூரிட்டி வந்து நின்றார். ஆறடிக்கு மேல் உயரம், இடுப்பில் வாக்கிடாக்கி. பின்னாலேயே வார்டு பொறுப்பாளர் அம்மாவும் வந்தார். பக்கத்துக் கட்டில் பெரியவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அப்பா எழுந்து உட்கார முயன்று, முடியாமல், இரண்டு கையையும் கூப்பி, "நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்" என்றார்.

அந்தக் கூப்பிய கையைப் பார்த்து அவளுக்கு வந்த கோபம் யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. "கையக் கீழ போடுங்கப்பா" என்று அதட்டினாள். அப்பா கையைக் கீழே போட்டார்.

செக்யூரிட்டி அவளைத் தாழ்வாரத்துக்கு வரச் சொன்னார். அவள் வரமாட்டேன் என்றாள். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் தொடவில்லை, திட்டவும் இல்லை. முட்டி போட்டு அவள் உயரத்துக்கு இறங்கி, மெதுவாக, யாரைக் கொல்லப் போவதாகச் சொன்னாய் என்று கேட்டார். அவரும் வேறெங்கிருந்தோ வந்தவர்தான். அவருடைய ஆங்கிலத்துக்கும் ஒரு வளைவு இருந்தது.

அவள் பையைக் கவிழ்த்து வகுப்புத் தாளை எடுத்தாள். மடித்து மடித்து நைந்துபோயிருந்தது. ஏழாவது வாக்கியத்தில் விரலை வைத்தாள். அவர் படித்தார். மேலே எழுதியிருந்த தலைப்பையும் படித்தார். அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை அவள் பிறகு பல நாள் நினைத்துக்கொண்டாள்.

"ஃபாதர் லாஸ்ட் ஃபுட் எப்போ?" என்று கேட்டார்.

அவள் விரலை மடக்கிச் சொன்னாள். மண்டே ஈவினிங். ஒன் சாண்ட்விச். டியூஸ்டே, நோ. டுடே, நோ.

அவர் எழுந்து பொறுப்பாளர் அம்மாவிடம் போனார். இது என் வேலை இல்லை, ஆனால் இந்தப் பெரியவருக்கு ஆபரேஷன் எத்தனை மணிக்கு என்று யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியைத்தான் அதுவரை யாரும் கேட்கவில்லை.

பொறுப்பாளர் கணினியில் தேடினார். அப்புறம் போனை எடுத்தார். எலும்புப் பிரிவு டாக்டர் ஆபரேஷனில் இருந்தார், அவர் கிடைக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. பேசிக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்திக் கேட்க மட்டும் செய்தார். அவர் முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்தது.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வந்த டாக்டர், கால் வீக்கம் வடியாமல் கத்தி வைக்க முடியாது என்று ஆபரேஷனை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளியிருக்கிறார். அதைக் கணினியில் பதிந்திருக்கிறார். அப்பாவிடமும் சொல்லியிருக்கிறார், அப்பா ஓகே தேங்க்யூ சொல்லியிருக்கிறார். தலைமாட்டிலிருந்த அட்டையை மட்டும் யாரும் எடுக்கவில்லை. வேலைநேரம் மாறிவந்த ஒவ்வொருவரும் கணினியைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்திருக்கிறார்கள். செவ்வாய் நாலு மணிக்குப் பிறகு அப்பா பட்டினி கிடந்தது எந்த ஆபரேஷனுக்காகவும் இல்லை.

செக்யூரிட்டிதான் இதை எளிய சொற்களில் அவளுக்குச் சொன்னார். அவள் எழுந்தாள். அட்டையை உருவினாள். கிழிக்கப் போனாள், பிளாஸ்டிக் அட்டை, கிழியவில்லை. இரண்டாக வளைத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது ஆஸ்பத்திரியின் பொருள் என்று இளம் நர்ஸ் ஆரம்பித்தார். பொறுப்பாளர் கையைக் காட்டி அடக்கினார்.

அப்போது மணி இரண்டே முக்கால். ஆஸ்பத்திரி சமையலறை மூடியிருந்தது. அவள் தன் டப்பாவைத் திறந்தாள். ஆறிப்போயிருந்தது. அப்பாவின் கரண்டி டப்பாவின் விளிம்பில் டிக் டிக் என்று அடித்தது. நாலு வாய்க்குப் பிறகு நின்று மூச்சு வாங்கினார்.

"மெதுவாப்பா. யாரும் எடுத்துட்டுப் போகமாட்டாங்க."

"நேத்து நீ எடுத்துட்டுப் போயிட்டியே" என்றார் அப்பா. நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். "டப்பா பையில இருந்தது. வாசம் வந்துச்சு. கேக்கலாமான்னு இருந்தது. நீயும் அட்டையத்தான பார்த்த."

அவர் சொன்னது நிஜம். இருந்த எல்லாரையும்போல அவளும் அட்டையைத்தான் பார்த்தாள், மூஞ்சியைப் பார்க்கவில்லை. டப்பா காலியாகும் வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலைத்தொப்பி அம்மா ஒரு தட்டில் இரண்டு ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்து சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார். அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். தலையை மட்டும் குனிந்தாள்.

பொறுப்பாளர் வந்து, உங்களுக்கு மனக்கஷ்டம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம் என்றார். ஏற்பட்டிருந்தால். இஃப் என்ற அந்தச் சொல்லை வகுப்பில் மழை வந்தால், பஸ் வந்தால் என்று சொல்லிப் பழகியிருந்தாள். அதனால் புரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆறு நாள் கழித்து அப்பா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதற்கடுத்த வகுப்பு முடிந்ததும் அவள் டீச்சரிடம் ஒரு கடிதத்தை நீட்டினாள். நான்கு நாள் உட்கார்ந்து எழுதியது. அதில் இருந்தவை எல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்கள். திங்கள் மாலை ஐந்தரைக்கு என் அப்பா ஒரு சாண்ட்விச் சாப்பிட்டார். புதன் மதியம் இரண்டே முக்கால் வரை அவருக்கு யாரும் உணவு தரவில்லை. அது நாற்பத்தைந்து மணி நேரம். இதில் இருபத்திரண்டு மணி நேரத்துக்குமேல் எந்தக் காரணமும் இல்லை. நான் மூன்று நர்ஸ்களிடம் சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் செக்யூரிட்டியைக் கூப்பிட்டார்.

டீச்சர் இரண்டு முறை படித்தார். எழுத்துப் பிழை நாலைந்தைத் திருத்தினார். "இந்த இடத்துல ஸ்டார்விங்னு போட்டா இன்னும் அழுத்தமா இருக்குமே" என்றார்.

"அந்த வார்த்தை வேண்டாம் டீச்சர். அதச் சொன்னா பிஸ்கட் வரும். பக்கத்துக் கட்டிலுக்கு."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் அன்னைக்கு உனக்குச் சரியான பதில் சொல்லல" என்றார்.

"ஆமா டீச்சர்" என்றாள் சுருக்கு. பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

கடிதம் போய் மூன்று வாரத்தில் ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். நீள மேஜை, தண்ணீர்க் குவளைகள், அந்தப் பக்கம் மூன்று பேர். இந்த முறை மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்திருந்தார்கள், மேஜை நடுவில் ஒரு போனில். வேறு ஏதோ ஊரிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம்மா. நீங்க சொல்றத அப்படியே அவங்ககிட்ட சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "உங்க லெட்டர முன்னாடியே அனுப்பியிருந்தாங்க, படிச்சேன். அப்பா இப்ப நல்லா சாப்பிடறாராம்மா?" என்று கேட்டது.

சுருக்கு வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொல்ல வேண்டியதை எல்லாம் வரிசையாகக் கட்டிவைத்திருந்தாள். அது மொத்தமும் அவிழ்ந்துவிட்டது. "சாப்பிடறார்" என்று மட்டும் சொன்னாள். குரல் உடைந்தது. மூன்று பேரும் போனைப் பார்த்தார்கள். நடுவில் இருந்தவர், இப்போது என்ன பேசினீர்கள், எங்களுக்கும் சொல்லுங்கள் என்றார். பெண் குரல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னது.

அழுகை வந்த வேகத்தில் போய்விட்டது. அதன் பின்னாலேயே கோபம் வந்தது, நல்ல தெளிவான கோபம்.

"இவங்களுக்குச் சொல்லுங்கம்மா" என்றாள். "நீங்க எங்கயோ இருக்கீங்க, எங்கப்பா மூஞ்சியக்கூடப் பார்த்ததில்ல. நீங்க முதல்ல கேட்டது சாப்பிடறாரான்னு. அவர் பத்தடி தூரத்துல படுத்திருந்தார், அந்த ரெண்டு நாளும் வார்டுல ஒருத்தர்கூடக் கேக்கல. காதுக்கு லைட் அடிச்சாங்க. எனக்குப் பசிக் கோபம்னாங்க. எனக்குப் பசி இல்ல, அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. இது வெறும் கோபம். அத அப்படியே எழுதிக்கச் சொல்லுங்க."

பெண் குரல் சொன்னது. ஓரத்தில் இருந்தவர் எழுதிக்கொண்டார். நாற்பது நிமிடம் அவள் பேசினாள். கையோடு கொண்டுபோன வளைந்த மஞ்சள் அட்டையை மேஜைமேல் வைத்து, இதில் தேதி எங்கே, யார் வைத்தது, யார் எடுக்க வேண்டும் என்று கேட்டாள். நோயாளியிடம் போனை நீட்டுவதற்குப் பதில் இந்த அம்மாவைக் கூப்பிட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கேட்டாள். மூன்று நிமிடம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. இனி அட்டையில் தேதியும் நேரமும் எழுதப்படும்; வேலைநேரம் மாறும்போது கணினியில் சரிபார்த்துக் கையெழுத்து போடுவார்கள்; மொழி தெரியாத நோயாளிக்கு டாக்டர் எதையும் சொல்வதற்குமுன் மொழிபெயர்ப்பாளரை அழைப்பார்கள். இந்த முறை வருந்துகிறோம் என்று இருந்தது, ஏற்பட்டிருந்தால் இல்லை. தங்கள் கருத்துக்கு நன்றி என்று முடித்திருந்தார்கள்.

கடையில் வைத்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். அப்பா கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"தேதி போடறாங்களா? நல்லது. பஸ் டிக்கெட்ல போடறோம், மனுஷனுக்குப் போட வேண்டாமா?" என்றார். "சரி, விடு. முடிஞ்சுது."

"முடியல" என்றாள் சுருக்கு. கையிலிருந்த பேண்ட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மெஷின்மேல் ஒரு தாளை விரித்தாள். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் பிறகு நான்காம் கட்டிலைப் பார்த்துக்கொண்டது யார் யார், அந்த அட்டையை எடுத்திருக்க வேண்டியது அவர்களில் யார் என்று கேட்டு, சின்னச் சின்ன வாக்கியங்களில் இரண்டாவது கடிதத்தை எழுதினாள். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. திங்கட்கிழமைதோறும் கடையைத் திறப்பதற்குமுன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மொழிபெயர்ப்பாளரை இணைக்கச் சொல்லி, பதில் எங்கே என்று கேட்கிறாள்.